குடம் இல்லை என்று எப்போது சொல்லலாம்?

ஒரு கடன் கணக்கு. தவணைகள் மாதவாரியாக வரிசையாக இருக்கின்றன. 2020 ஏப்ரலுக்கு நேரே ‘கட்டிய தொகை’ என்ற கட்டம் மட்டும் காலி. பூஜ்யம் போட்டிருந்தால்கூட யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று ஆகும். இது வெறும் காலி. பார்ப்பவர் என்ன சொல்வார்? அந்த மாதம் ஆள் பணம் கட்டவில்லை என்பார். எங்கள் ஆபீஸில் பயன்படுத்தும் ஏஐ உதவியாளரும் அதைத்தான் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் ஒரு க்வெரி எழுதி, அந்த ஆளைத் தவணை தவறியவர்கள் பட்டியலில் சேர்த்தது. க்வெரியில் பிழையே கிடையாது. ஓடியது, ரிசல்ட் வந்தது, எங்கேயும் சிவப்பு எரியவில்லை.

அந்த ஆள் தவணை தவறவே இல்லை. அந்த மாதம் அவர் கட்டவேண்டிய கட்டாயமே இல்லை. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்கக் கடன் கொடுத்த நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. மே மாதம் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஊரடங்குக் காலம். தள்ளிவைத்த தவணையைத் தவறிய தவணையாகக் கணக்கில் எடுக்கக்கூடாது, கிரெடிட் பீரோக்களுக்கும் அப்படி அனுப்பக்கூடாது என்பது விதி. ஆனால் இந்த விதி ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில் இருக்கிறது. எங்கள் டேட்டாபேஸில் இருப்பது ஒரு காலிக் கட்டம்.

நான் ஒரு சிறுகடன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன். தையல் மெஷின், தள்ளுவண்டி, ரெண்டு கறவை மாடு, மகளின் காலேஜ் ஃபீஸ் – இந்த அளவுக் கடன்கள். கொஞ்ச காலமாக என் பெயரில் போகும் கோடில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது. அதைப் பற்றிப் புலம்பவோ புல்லரிக்கவோ எனக்கு எண்ணமில்லை, இரண்டுக்கும் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கேள்வி சின்னது. நம் டேட்டாபேஸை இதன் முன்னால் வைக்கும்போது கூடவே எதைச் சொல்லவேண்டும்? எதைக் காட்டக்கூடாது? எங்கள் துறையில் இதை ‘கான்டெக்ஸ்ட் கொடுப்பது’ என்பார்கள். நல்ல பரிந்துரை கிடைப்பதற்கான டெக்னிக் என்ற அளவில் பேசி முடித்துவிடுவார்கள். நான் இதை அறம் சம்பந்தப்பட்ட கேள்வியாகப் பார்க்கிறேன். அந்தக் காலிக் கட்டத்தை என்னவென்று படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு அடுத்த கடன் கிடைக்கும், அல்லது கிடைக்காது.

இந்த உதவியாளர் எதைப் பார்க்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் சோதனைக்கு வந்தபோது, நாம் திறந்து வைத்திருக்கும் ஃபைலையும் அக்கம்பக்கத்தையும் பார்த்து அடுத்த சில வரிகளை ஊகிப்பதுதான் அதன் வேலையாக இருந்தது. இன்றைக்கு இருப்பவை முழு ப்ராஜெக்டையும் வாசிக்கின்றன. டேட்டாபேஸின் ஸ்கீமாவையும் வாசிக்கின்றன: என்னென்ன டேபிள்கள், ஒவ்வொன்றிலும் என்னென்ன ஃபீல்டுகள், எண்ணா எழுத்தா தேதியா, எது எதோடு சேரும். ஸ்கீமா என்பது வீட்டின் பிளான் மாதிரி. சமையலறை எங்கே என்று தெரிந்துவிடும். அங்கே இருக்கும் குழாயில் காலை ஆறு மணிக்கு மட்டும்தான் தண்ணீர் வரும் என்பது பிளானில் இருக்காது.

தெரியாத இடத்தை இது உலக வழக்கத்தைக் கொண்டு நிரப்பும். தொகை ரூபாயில் இருக்கும் என்று நினைக்கும், எங்களிடம் பைசாவில் இருக்கிறது. ஆளுக்குக் குடும்பப் பெயர் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று நினைத்து அப்பா பெயரை அந்த இடத்தில் வைக்கும். இவையெல்லாம் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். கடனாளியின் அப்பாவுக்கு வணக்கம் சொல்லி எஸ்எம்எஸ் போனால் மறுநாளே யாராவது கூப்பிடுவார்கள்.

நேரம் அப்படிப்பட்டதல்ல. எங்கள் டேட்டாபேஸில் பணம் கட்டிய நேரம் இந்திய நேரமாகவே பதிவாகிறது. ஆதியில் எழுதியவர்கள் அப்படி எழுதிவிட்டார்கள். உலகத்தில் பெரும்பாலும் நேரத்தை யூடிசி-யில் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது வழக்கம். சொல்லாமல் விட்டால் ஏஐ என்ன செய்யும்? பொறுப்பாக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும். ஏற்கெனவே இந்திய நேரமாக இருப்பதன் மேல் இன்னொரு ஐந்தரை. தவணைக்குக் கெடு ஐந்தாம் தேதி என்றால், ஐந்தாம் தேதி மாலை ஆறரைக்குப் பிறகு கட்டியதெல்லாம் ஆறாம் தேதி கட்டியதாகிவிடும். மாலை ஆறரைக்குப் பிறகு யார் கட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து, உலை வைத்துவிட்டு ஃபோனை எடுக்கிறவர்கள். பகலில் கை ஓய்வாக இருக்கிறவர் ஒழுங்கானவர், வேலைக்குப் போய்விட்டு வருகிறவர் தாமதக்காரர் என்று ஒரு விதி தானாக உருவாகிவிடும். யாரும் அந்த விதியை எழுதியிருக்க மாட்டார்கள். ‘இந்த ஃபீல்டில் இருப்பது இந்திய நேரம்’ என்ற ஒரு வரியை எழுதாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

காலிக் கட்டத்துக்கு வருகிறேன். எஸ்க்யூஎல் மொழியில் அதற்கு ‘நல்’ என்று பெயர். அந்த மொழியில் ‘கோயலெஸ்’ என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. இது காலியாக இருந்தால் பதிலுக்கு அதை வைத்துக்கொள் என்பது அதன் பொருள். ஏஐ உதவியாளர்களுக்கு இதன் மேல் ஒரு பிரியம். காலி இருந்தால் கூட்டல் கழித்தல் குழம்பும் என்பதால் கேட்காமலே பூஜ்யத்தைப் போட்டுவிடும். எங்கள் க்வெரியிலும் நடந்தது இதுதான். கட்டிய தொகை காலி என்றால் பூஜ்யம். பூஜ்யம் தவணைத் தொகையைவிடக் குறைவு. எனவே தவறியவர். மூன்று படியும் கணக்குப்படி சரி. முதல் படியில் ‘எனக்குத் தெரியாது’ என்பது ‘அவர் தரவில்லை’ என்று மாறியதை யாரும் கவனிக்க அவசியமே இல்லாதபடி அது நடக்கிறது.

இந்தச் சிக்கல் ஏஐயோடு வந்ததல்ல. இன்று உலகம் முழுக்க ஓடும் டேட்டாபேஸ்களுக்கு அடிப்படையான கட்டுரையை 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதினார். இருபது வருடம் கழித்து, 1990-இல் வந்த புத்தகத்தில், ஒரே ஒரு காலி போதாது, இரண்டு குறிகள் வேண்டும் என்று வாதாடினார். மதிப்பு இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்பதற்கு ஒன்று. இந்த இடத்தில் மதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதற்கு இன்னொன்று. ஒருவரின் ஃபோன் நம்பர் நமக்குத் தெரியாமல் இருப்பதும் அவரிடம் ஃபோனே இல்லாமல் இருப்பதும் ஒன்றா? துறை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு காலியை வைத்துக்கொண்டே மாரடிக்க முடியாதபோது இரண்டா என்று நினைத்திருக்கலாம். நியாயமான சலிப்புதான். எஸ்க்யூஎல்லில் இன்றுவரை ஒரே நல்தான்.

எங்கள் டேபிளில் உண்மையில் மூன்று விதக் காலிகள் இருக்கின்றன. ஒன்று, கட்டவில்லை. இரண்டு, கட்ட வேண்டியதில்லை. மேலே சொன்ன தள்ளிவைப்பு. மூன்றாவது, கட்டினார், நாங்கள் எழுதவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கு அருகில் ஒரு கிளை அலுவலகத்தில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். அந்தக் காலத்தில் வசூல் ரொக்கத்தில் நடக்கும், ரசீதுப் புத்தகத்தில் எழுதுவார்கள், மாதக் கடைசியில் சிஸ்டத்தில் ஏற்றுவார்கள். நவம்பர் மாத ரசீதுப் புத்தகங்கள் கூழாகிவிட்டன. வசூலான பணம் வங்கிக்குப் போய்விட்டது, மொத்தத் தொகை இருக்கிறது. யார் யார் கட்டியது என்பது மட்டும் இல்லை. டேட்டாபேஸில் அந்தக் கிளையின் அந்த மாதம் மொத்தமும் காலி.

மூன்றும் திரையில் ஒரே மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் எனக்குக் குமாரில பட்டர் உதவிக்கு வருகிறார். ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகர். ‘இல்லை’ என்பதை நாம் எப்படி அறிகிறோம் என்பது இந்தியத் தத்துவ மரபில் பெரிய சண்டை. தரையில் குடம் இல்லை. இந்த இல்லாமையைக் கண்ணால் பார்த்தே அறிகிறோம் என்பார்கள் நையாயிகர்கள். பட்டரின் வழி வந்தவர்கள் அதை ஏற்பதில்லை. கண்ணில் படுவது தரை மட்டும்தான். குடத்தின் இன்மையை அறிவதற்குத் தனியாக ஒரு பிரமாணம் உண்டு, அதன் பெயர் அனுபலப்தி, அதாவது காணப்படாமை என்பார்கள். பின்னாளில் அத்வைதிகளும் இதை ஏற்றார்கள். இதில் எனக்கு வேண்டியது, அவர்கள் போட்ட ஒரு நிபந்தனை. காணவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்கிற நிலைமை இருக்கவேண்டும். அதை யோக்கிய அனுபலப்தி என்பார்கள். விளக்கு எரிகிற அறையில் குடத்தைக் காணவில்லை என்றால், குடம் இல்லை என்று சொல்ல உனக்குத் தகுதி இருக்கிறது. இருட்டறையில் காணவில்லை என்றால் உனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அறை இருட்டாக இருக்கிறது என்பது.

இதைக் காலேஜில் டேட்டாபேஸ் பேப்பருக்குப் பாடமாக வைத்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். எங்களுக்கு நார்மல் ஃபார்ம்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

ஒரு காலிக் கட்டத்தை வைத்து ‘இவர் கட்டவில்லை’ என்று சொல்லவேண்டுமானால், ‘கட்டியிருந்தால் இங்கே பதிவாகியிருக்கும்’ என்பது உண்மையாக இருக்கவேண்டும். கட்டவேண்டிய கடமை இருந்திருக்கவேண்டும். பதிவு செய்யும் ஏற்பாடு அன்றைக்கு வேலை செய்திருக்கவேண்டும். 2020 ஏப்ரலில் முதலாவது இல்லை. 2015 நவம்பரில் அந்தக் கிளைக்கு இரண்டாவது இல்லை. கான்டெக்ஸ்ட் கொடுப்பது என்று எங்கள் துறை சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எந்த அறையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விளக்கு எரிந்தது என்று சொல்வது. டேபிளின் பெயர், ஃபீல்டின் பெயர், ஜாயின் செய்யும் முறை இதெல்லாம் அந்த இயந்திரம் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். விளக்கு எரிந்த நேரத்தை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது.

ஒருவர் கேட்கலாம்: ஏஐக்குத்தான் உலகமே தெரியுமே, ரிசர்வ் வங்கி அறிவித்தது தெரியாதா? தெரியும். நேரடியாகக் கேட்டால் தேதியோடு சொல்லும். நான் கேட்டுப் பார்த்தேன், மார்ச் 27 என்று சரியாகச் சொன்னது. அதற்கு அந்தச் செய்தியும் தெரியும், இந்தக் கட்டமும் தெரிகிறது. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதுதான் தெரியவில்லை. அதை மனிதர்களிடமிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். தள்ளிவைப்பைக் கடனாளிகள் எல்லோரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. எங்களிடம் கேட்டு எடுத்தவர்களுக்கு ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஃபீல்டில் 7 என்று போட்டார்கள். புது ஃபீல்டு சேர்க்க அன்றைக்கு யாருக்கும் அவகாசம் இல்லை. வீட்டிலிருந்து, பாதி நெட்வொர்க்கில், ஒரு ராத்திரியில் செய்த வேலை அது. 7 என்ற எண் அதுவரை காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மனிதர்கள் மட்டும் இதைச் செய்யமாட்டார்களா? புதிதாகச் சேர்ந்த டெவலப்பர் ஒருவரும் இதே கோயலெஸ்ஸைத்தானே போட்டிருப்பார்? போட்டிருப்பார். ஆனால் அதற்கு முன்னால் அவர் எங்கள் டீமில் இருக்கும் அக்காவிடம் போகவேண்டியிருந்திருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக இதே இடத்தில் இருப்பவர். புதிதாக வந்தவருக்கு எந்த டேபிளில் எது இருக்கிறது என்றே தெரியாது. வேறு வழியில்லாமல் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள். “அக்கா, தவணை விவரம் எந்த டேபிள்ல இருக்கு?” என்று கேட்டால், டேபிள் பெயரை மட்டும் சொல்லி அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது. “எதுக்குக் கேக்கற? எந்த வருஷம்? இருபதா? இருபதுன்னா அந்த ஏழைப் பாத்துக்கோ” என்பார். கேட்டது ஒன்று, கிடைத்தது நாலு. புதிதாக வந்தவரின் அறியாமைதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

இப்போது யாரும் போய் நிற்பதில்லை. டேபிள் பெயரைக் கேட்க ஆள் தேவையில்லை, ஏஐ ஸ்கீமாவைப் படித்து இரண்டு நொடியில் சொல்லிவிடுகிறது. அந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்ற மூன்றும் வருவது நின்றுவிட்டது. வேகம் கூடியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் பழைய தாமதத்துக்குள் ஒரு விசாரணை ஒளிந்திருந்தது. அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, அதனால்தான் அது போனதும் தெரியவில்லை. ஏப்ரல் விவகாரம் வெளியே போகாமல் நின்றதுகூட, கோட் ரிவ்யூவில் அக்கா தற்செயலாக அதைப் பார்த்ததால்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் ஓகே கொடுத்திருப்பார்கள். எங்கோ ஒரு தையல் மெஷின்காரருக்கு ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்று ஒரு எஸ்எம்எஸ் போயிருக்கும். ஏன் என்று அவருக்கும் தெரியாது. கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, “சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சும்மா” என்பார்.

சரி, சொல்வதற்குப் பதில் காட்டிவிட்டால் என்ன? டேட்டாபேஸையே ஏஐயோடு இணைத்துவிடலாம். அதற்கு வசதி வந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாக ஏஐ தானே டேட்டாபேஸுக்குள் போய், டேபிள்களைத் திறந்து, மாதிரிக்குப் பத்து வரிசை எடுத்துப் பார்த்துக்கொள்ளும். பரிந்துரைகள் நிஜமாகவே மேம்படுகின்றன. தொகை பைசாவில் இருப்பதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தப் பத்து வரிசை யாருடையது? பெயர், ஃபோன் நம்பர், எவ்வளவு பாக்கி, எத்தனை முறை தாமதம். ஒரு பெண் தன் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது கடன் வாங்குவதற்காகத்தான் அந்த விவரங்களைக் கொடுத்தார். என் க்வெரி அழகாக வரவேண்டும் என்பதற்காகக் கொடுக்கவில்லை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் பெற்றோமோ அதைத்தான் அளவாகப் பேசுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது எனக்கு உறுத்தும். மாதச் சம்பளக்காரனான என் வங்கிக் கணக்கை யாரோ சாம்பிளுக்குத் திறந்து பார்த்தால் நான் சும்மா இருப்பேனா?

வரிசைகளைக் காட்டவில்லை, புள்ளிவிவரம் மட்டும்தான் கொடுக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். எத்தனை வரிசை, எத்தனை காலி, எந்த மதிப்பு அதிகம் வருகிறது என்பது க்வெரியை வேகமாக்க உதவும் என்பது உண்மை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதற்காகவே ‘பிஜி ஸ்டாட்ஸ்’ என்று ஒரு வியூ இருக்கிறது. அதில் ‘அதிகம் காணப்படும் மதிப்புகள்’ என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் இருப்பவை நிஜ மதிப்புகள். ஊர் என்ற ஃபீல்டுக்கு ஊர்ப் பெயர்களே இருக்கும். சாதிப் பிரிவு என்று ஒரு ஃபீல்டு இருந்தால் அதுவும் விகிதத்தோடு இருக்கும். புள்ளிவிவரம் என்ற பெயரைக் கேட்டு ஆள் யாரும் அதில் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

ஆக, ஒரு பக்கம், கடனாளிக்கு நியாயம் செய்யவேண்டுமானால் இயந்திரத்துக்கு நிறையத் தெரியவேண்டும். இன்னொரு பக்கம், நிறையத் தெரியவைக்கிறேன் என்று கடனாளியையே அதன் முன் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது. முதலில் இதை எளிதில் தீராத முரண் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவ்வளவு இல்லை. ஏப்ரல் 2020 விஷயத்தில் ஏஐக்குத் தேவைப்பட்டது ஒரு கடனாளியின் விவரமும் அல்ல. ‘7 என்றால் தள்ளிவைப்பு’ என்ற ஒரு வாக்கியம். வெள்ளத்துக்குத் தேவை, கிளையின் பெயரும் மாதமும். நேர விஷயத்துக்குத் தேவை, ‘இது இந்திய நேரம்’ என்ற மூன்று சொற்கள். வரிசைகளை எவ்வளவு காட்டினாலும் கிடைக்காதது அது. ஒரு வரிசைகூடக் காட்டாமல் சொல்லக்கூடியதும் அதுதான்.

பழைய பிரமாண மொழியில் இது பிரத்யட்சத்துக்குப் பதில் சப்தத்தைக் கொடுப்பது. காட்டாமல் சொல்வது. தர்க்க சங்கிரகம் போன்ற பாலபாட நூல்களிலேயே சப்தத்துக்கு ஒரு நிபந்தனை வரும். சொல்பவர் ஆப்தராக இருக்கவேண்டும். ஆப்தர் என்றால் உள்ளதை உள்ளபடி சொல்பவர். பெரிய படிப்பாளியாகவோ முனிவராகவோ இருக்கவேண்டும் என்பதில்லை. நாங்கள் கான்டெக்ஸ்ட் ஃபைல் எழுத உட்கார்ந்தபோது இந்த ‘உள்ளபடி’ எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தேன்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது: ஏஐக்காக டேட்டாபேஸ் பற்றி ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா சிரித்துவிட்டார். “புதுசா வர்ற பசங்களுக்காக எழுதி வைக்கலாம்னு எத்தன வருஷமா கேட்டேன்டா, ஒரு நாள் குடுக்கல. இதுக்கு ஒரு வாரம்.” அவர் சொன்னதில் ஒரு நியாயக்கணக்கு இருக்கிறது, அதற்கு யாரிடமும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, விளையாட்டா நிஜமா என்று தெரியாத குரலில், “எல்லாத்தையும் இதுல எழுதிட்டா அப்புறம் நான் எதுக்கு?” என்றும் கேட்டார். பீட்டர் நார் என்ற டேனிஷ் அறிஞர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ப்ரோக்ராமிங் என்பது தலைக்குள் ஒரு கோட்பாட்டைக் கட்டுவது, அதை ஆவணத்தில் முழுக்க இறக்கிவைக்க முடியாது, கட்டியவர்கள் கலைந்துபோனால் ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருந்தாலும் உயிரில்லாதது என்பது அவர் வாதம். அதை அக்காவுக்குச் சொன்னேன். “அவரு சொல்லிட்டாரு, ஹெச்ஆர் கேக்கணுமே” என்றார்.

எழுத ஆரம்பித்தோம். 7-ஆம் எண்ணுக்கு வந்தபோது சிக்கல். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 7 என்றால் தள்ளிவைப்பு. ஆனால் 2021-லும் 2022-லும் நானூற்றுச் சொச்சம் வரிசைகளில் 7 இருக்கிறது. தள்ளிவைப்பு முடிந்த பிறகு. யார் போட்டார்கள், எதற்கு என்று தெரியவில்லை. அப்போது இருந்த ஒப்பந்த டீம் கலைந்துவிட்டது. அக்காவுக்கும் தெரியவில்லை. அவர் எழுதச் சொன்னது இது: “2020 செப்டம்பருக்குப் பிறகு 7 இருந்தால் அதன் பொருள் இப்போது வேலையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. ஊகிக்காதே. கேள்.”

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. ஆவணம் என்றால் தெரிந்ததை எழுதுவது, தெரியாது என்று எழுதி வைத்தால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். படிக்கப்போவது ஏஐ, அது ஒன்றும் நினைக்காது என்றேன். அந்த வரி இல்லாமலும் அந்த வரியோடும் ஒரே கேள்வியைக் கொடுத்துப் பார்த்தோம். வரி இல்லாதபோது அந்த நானூறு வரிசைகளுக்கும் ‘மறுசீரமைக்கப்பட்ட கடன்’ என்று பெயர் வைத்து, பக்கத்தில் தெளிவாக ஒரு கமென்ட்டும் எழுதியது. நம்பும்படியான பெயர். ஆறு மாதம் கழித்து யாராவது அந்தக் கமென்ட்டைப் பார்த்தால் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். வரி இருந்தபோது அந்த நானூறையும் ஒதுக்கித் தனிப் பட்டியலாக வைத்து, இவற்றை ஆள் பார்க்கவேண்டும் என்று எழுதியது. இதை அதன் அடக்கம் என்று சொல்லமாட்டேன். தனக்குத் தெரியாது என்பதை அது அறியாது. நாங்கள் ஒப்புக்கொண்டதை அது திருப்பிச் சொன்னது. ஆனால் நாங்கள் ஒப்புக்கொள்ளாமல் விட்டிருந்தால் எங்கள் மௌனத்தையும் அதேபோலத்தான் நிரப்பியிருக்கும், ஒவ்வொரு க்வெரியிலும், ஒருதடவைகூடத் தயங்காமல். ஒரு வதந்தியை ஒரு ஆளிடம் சொல்வதற்கும் ஒலிபெருக்கியில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அது. மேனேஜர் நல்ல மனிதர், பட்டியலைப் பார்த்துவிட்டு வரியை விட்டுவிட்டார். இப்போது அந்த ஃபைலில் ‘தெரியாது’ என்று பதினோரு இடங்களில் இருக்கிறது.

கடைசியாக எழுதியது வெள்ளத்தைப் பற்றி. அந்தக் கிளையில் அப்போது வசூலுக்குப் போனவர் ஓய்வுபெற்று அதே ஊரில்தான் இருக்கிறார். அக்கா நம்பர் தேடிப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். “அண்ணே, அந்த நவம்பர் மாசம் யாராச்சும் கட்டாம விட்டாங்களா, ஞாபகம் இருக்கா?” அவர் யோசிக்கவே இல்லை. “எல்லாரும் கட்டினாங்கம்மா. மழ ஆரம்பிச்சிருச்சுல்ல, அப்புறம் கையில காசு நிக்காதுன்னு அவங்களாவே கூப்ட்டுக் குடுத்தாங்க.” பத்து வருடத்துக்கு முந்தைய விஷயம். அவர் நினைவில் தவறு இருக்கலாம். யாரையும் மாட்டிவிட மனமில்லாமல் சொல்லியிருக்கலாம். வங்கியில் கட்டிய மொத்தத் தொகையை எடுத்துப் பார்த்தோம், கேட்புத் தொகைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஓரிருவர் கட்டாமல் இருந்திருக்கலாம். யார் என்று சொல்ல வழியில்லை.

அதை எப்படி எழுதுவது என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். எல்லோரும் கட்டியதாகவே வைத்துவிடலாம் என்றான் டீமில் இருக்கும் ஒரு தம்பி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நமக்குத் தெரியாததை நல்லெண்ணத்தில் எழுதினாலும் தெரியாததுதானே என்றார். கடைசியில் இப்படி எழுதினோம்: “இந்தக் கிளை, 2015 நவம்பர்: ரசீதுகள் வெள்ளத்தில் அழிந்தன. வசூல் செய்தவரின் சொல், எல்லோரும் கட்டினார்கள் என்பது. வங்கிக்குப் போன தொகை சற்றுக் குறைவு. கட்டம் காலியாக இருப்பதை யாருக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளாதே. நிரப்பவும் செய்யாதே.”

தம்பி அதை டைப் செய்துவிட்டு, வசூல் செய்தவரின் பெயரைப் போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றார் அக்கா. பிறகு, அவர் சொன்ன தேதியை மட்டும் போடச் சொன்னார்.